வழிநூலும் வழியிசையும்

பள்ளிப் பருவத்திற் பாடசாலை வாத்தியக் குழுவில் அருகருகே நின்று ஊதியவர்கள், உத்தியோகத்தையும் குடும்பத்தையும் நாடித் திசைக்கொருவராய்ப் பிரிந்து, தலை நரைத்தபின் மீண்டும் ஒன்றுகூடிப் பழைய ட்ரம்பெட்டையும் ட்ரொம்போனையும் தூசி தட்டிக் கையிலெடுப்பது மேலைநாடுகளில் இன்று அரிய காட்சியன்று. அங்ஙனங் கூடுவோர் பெரும்பாலும் புதிய பாட்டுக் கட்டுவதில்லை. தாம் மாணவராயிருந்த காலத்திற் கேட்டு மயங்கிய ஒரு குழுவைத் தெரிந்தெடுத்து, அக்குழுவின் பாடல்களை மட்டுமே மேடையில் இசைத்துக் காட்டுவர். ஆங்கிலத்தில் ட்ரிபியூட் பாண்ட் என வழங்கும் இவ்வகைக் குழுவைத் தமிழில் வழியிசைக் குழு எனலாம். நூலை முதலென்றும் வழியென்றும் வகுத்துக் கண்ட மொழிக்கு இப்பெயர் அந்நியமாகாது.

இக்குழுக்களைப் பற்றி வழங்கும் தீர்ப்புகள் இரண்டு. பிறர் ஆக்கியதைத் திரும்பச் செய்வது கலையன்று, முதியோர் தம் இளமையை எண்ணி ஆடும் விளையாட்டே அது என்பது ஒன்று. இசைத்தட்டில் உள்ளபடி ஓரணுவும் பிசகாது இசைத்தாரெனின் அதுவே முழு வெற்றி என்பது மற்றொன்று. ஒன்றையொன்று மறுப்பனபோற் தோன்றினும் இவ்விரண்டும் ஒரே பிழையிற் பிறந்தவை. மூலத்தில் எது ஆக்கம், எது அவ்வேளையின் நிகழ்ச்சி என்று பிரித்துப் பாராமையே அப்பிழை.

முதலில் மூலத்தை நோக்குவோம். ரொக் இசை கிட்டாரின் ஆட்சிக்குட்பட்டது. ஊதுகருவிகள் அதில் வந்தபோதும் பாடகர் மூச்சுவிடும் இடைவெளியை நிரப்பும் பணியாளராகவே பெரும்பாலும் வந்தன. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இந்நிலை மாறியது. 1967இல் நியூயோர்க்கில் 'பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்' தோன்றியது. 1968இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் 'டவர் ஒவ் பவர்' தோன்றியது. இவற்றிடையே நெடுங்காலம் நின்று பெரும்பெயர் பெற்றது சிக்காகோ நகரத்துக் குழு. 1967 பெப்ரவரியில் 'தி பிக் திங்' என்னும் பெயரோடு தொடங்கி, 'சிக்காகோ ட்ரான்சிட் ஒதோரிட்டி' என்று மாறி, அந்நகரத்துப் போக்குவரத்துச் சபை தன் பெயரை வழங்க இசையாமையாற் 'சிக்காகோ' என்று சுருங்கிற்று.

அக்குழுவின் ஊதுகருவியாளர் மூவரும், சக்ஸபோனும் குழலும் வாசித்த வால்ட்டர் பாரஸெய்டர், ட்ரம்பெட் ஊதிய லீ லொக்னேன், ட்ரொம்போன் ஊதிய ஜேம்ஸ் பாங்கோ ஆகியோர், டிபோல் பல்கலைக்கழகத்தில் இசை பயின்றவர்கள். கிட்டார் வாசித்த டெரி காத்தும் முரசறைந்த டானி செரஃபீனும் பாரஸெய்டரின் இளமைக்காலத்து இசைத்தோழர். எனவே பள்ளித் தோழர் கூடி இசைக்கும் செய்தி வழியிசைக் குழுவினருக்கு மட்டும் உரியதன்று. முதலிசை செய்தோருக்கும் உரியது. இன்னுமொன்று. 'தி பிக் திங்' என்ற பெயரில் இரவு விடுதிகளில் ஊதிய காலத்தில் இவர்கள் பெரிதும் இசைத்தவை அக்காலத்துப் பிரபலமான பிறர் பாடல்களே. முதல்நூல் செய்தவரும் ஒருகால் வழியிசை இசைத்தவரே என்பதை இகழ்ச்சி பேசுவோர் நினைவிற் கொள்வதில்லை.

இக்குழுவின் புதுமையைத் தமிழ் மாணவர் ஒருவர் விளங்கிக்கொள்வது கடினமன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்குக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்த முறையை இளங்கோவடிகள் காட்டுகிறார். குழல் முன்செல்ல யாழ் அதன்வழிச் செல்கிறது, யாழின் வழியே தண்ணுமை, அதன்பின் முழவு, முழவோடு ஆமந்திரிகை. மூச்சினால் இயங்கும் கருவி முதலில் வழிகாட்ட, நரம்பும் தோலும் பின்தொடரும் ஒழுங்கு அது. ரொக் இசை இவ்வொழுங்கைத் தலைகீழாக வைத்திருந்தது. சிக்காகோ குழுவினர், தாம் அறியாமலே, அதனை ஓரளவு நிமிர்த்தி வைத்தனர் எனலாம். பாங்கோ எழுதிய பகுதிகளில் மூன்று ஊதுகருவிகளும் பாடகரோடு வாதாடும் மற்றொரு பாடகராகின்றன. சிலவிடத்து மூன்றும் ஒரே சுரத்தில் ஒன்றி எழும். சிலவிடத்து நெருக்கமான மூன்று சுரங்களாய்ப் பிரிந்து நிற்கும். ஒன்றிலிருந்து மூன்றாகவும் மூன்றிலிருந்து ஒன்றாகவும் மாறும் அந்தக் கணங்களிலேயே இவ்விசையின் உயிர் உள்ளது.

1970இல் வெளியான அவர்களது இரண்டாம் இசைத்தட்டில் 'பாலே ஃபோர் எ கேர்ள் இன் புக்கனன்' என்றொரு நெடும்பாட்டு உண்டு. பாங்கோ ஆக்கியது, ஏழு பகுதிகளையுடையது, ஏறக்குறைய 13 நிமிடம் நீள்வது. பாஹ் என்னும் ஜெர்மானிய இசைமேதையின் பிராண்டன்பேர்க் இசைத்தொடர்களைக் கேட்ட ஊக்கத்தால் இதனைக் கட்டினார் என்பர். முதற்பகுதியான 'மேக் மீ ஸ்மைல்' ஊதுகருவிகளின் முழக்கத்தோடு தொடங்குகிறது. இடையிற் பாட்டில்லாத பகுதிகள் வருகின்றன. அவற்றின்பின் 'கலர் மை வேர்ல்ட்' என்னும் சின்னஞ்சிறு பாடல் பியானோவின் மெல்லிய நடையில் எழுந்து பாரஸெய்டரின் குழலோடு அடங்குகிறது. இறுதிப்பகுதி தொடக்கத்தின் மெட்டை மீண்டும் எடுத்து முடிக்கிறது. பல்லவிக்குத் திரும்பும் கீர்த்தனையை அறிந்த செவிக்கு இவ்வமைப்பு புதிதன்று. ஆனாற் பிரிந்துபோன ஒருத்தியை நினைந்து ஏங்குபவன் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகையில், அதே மெட்டு முன்னைய மகிழ்ச்சியோடு ஒலிப்பதில்லை. இடையிற் கடந்துவந்த ஐந்து பகுதிகளும் அதன்மேல் ஏறியிருக்கின்றன.

வானொலிக்காக இந்நெடும்பாட்டிலிருந்து முதற்பகுதியையும் இறுதிப்பகுதியையும் மட்டும் வெட்டி ஒட்டி மூன்று நிமிடத் தனிப்பாடல் ஒன்று வெளியிட்டனர். உலகம் அறிந்தது அதனையே. இன்று ஒரு வழியிசைக் குழு மேடையேறினால், ஏழு பகுதியையும் இசைப்பதா, வெட்டிய பாடலை இசைப்பதா என்பது முதலில் எழும் வினா.

வழிநூலின் வகையைத் தொல்காப்பியர் மரபியலில் நான்காகக் கூறுவர்: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல். மேற்கூறிய வானொலிப் பாடல் தொகுத்தலாம். அதனை ஆக்கியோரே தொகுத்துக்கொண்டனர் என்பது ஒரு விந்தை. தனிவாசிப்புப் பகுதிகளை மேடையில் நீட்டுதல் விரித்தல். நன்னூலார் இன்னுமோர் உண்மையைச் சேர்த்தனர். முதல்நூலோடு முடிபில் ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் உடையதாய், மரபு அழியாது வருவதே வழிநூல் என்றார். மூலத்தோடு ஒற்றுமை வேண்டும், வேறுபாடும் வேண்டும். வேறுபாடு எங்கே இடம்பெறலாம் என்பதே ஆராயவேண்டியது.

அதற்கு விடை நூலிலக்கணத்தில் இல்லை. கருநாடக இசைமரபில் உண்டு. அம்மரபு கற்பிதத்தையும் மனோதர்மத்தையும் வேறு பிரித்து வைத்திருக்கிறது. கீர்த்தனையும் அதன் சங்கதிகளும் கற்பிதம்; குருவின் வாயிலிருந்து பெற்றபடி காக்கவேண்டியவை. ஆலாபனையும் நிரவலும் கற்பனைச்சுரமும் மனோதர்மம். பாடுவோரின் அன்றைய உள்ளத்திற் பிறக்கவேண்டியவை. சென்ற ஆண்டுக் கச்சேரியில் ஒரு வித்துவான் பாடிய கலியாணி ஆலாபனையை மனனஞ்செய்து இந்த ஆண்டு மற்றொருவர் ஒப்பிப்பாராயின், எத்துணைத் திறமையாக ஒப்பித்தாலும் சபையோர் முகஞ்சுளிப்பர். அவர் சுரத்தைப் பெற்றார், ஆலாபனையைப் பெற்றிலர்.

சிக்காகோவின் இசையிலும் இவ்விரண்டும் உண்டு. மூன்று ஊதுகருவிகளுக்கும் பாங்கோ எழுதிவைத்த பகுதிகள் கற்பிதம். ஒரு சுரம் மாறினாலும் கட்டிடத்தில் ஒரு கல் பெயர்ந்ததுபோலாம். 'ட்வென்ட்டி ஃபைவ் ஓர் சிக்ஸ் டு ஃபோர்' என்னும் பாடலில் டெரி காத் வாசித்த நீண்ட கிட்டார்ப் பகுதியோ மனோதர்மம். அதை வாசித்த இரவில் அவர் விரல் சென்ற வழி அது. மற்றோரிரவு வேறு வழி சென்றிருக்கும். மேடைப் பதிவுகள் அதற்குச் சான்று. 1978 சனவரியில் துப்பாக்கி கைதவறி வெடித்து, முப்பத்திரண்டாம் வயது நிரம்புமுன் காத் இறந்தமையால், இசைத்தட்டிற் பதிந்த அந்த ஒரு வாசிப்பு வேதவாக்குப்போல் உறைந்துவிட்டது. பல வழியிசைக் குழுக்கள் அதனை நெளிவு சுளிவு தவறாமல் திரும்ப வாசிக்கின்றன. கேட்போரும் கைதட்டுகின்றனர். ஆயினும் காத்தின் துணிவை மேற்கொள்ளாது அவரது சுவட்டில் மட்டும் காலை வைத்து நடப்பது அவரைப் போற்றுதலாகாது.

இவ்வளவுகோலைக் கொண்டு இக்காலத்து வழியிசைக் குழுக்களுட் பெருமதிப்புப் பெற்ற ஒன்றை நோக்கலாம். லியோனிட் வொரபியோவ் என்னும் மொஸ்கோ நகரத்து இசைஞர், 2014இல் தமது அறுபதாம் ஆண்டு நிறைவையொட்டித் தேர்ந்த வாத்தியக்காரரைச் சேர்த்துச் சிக்காகோவின் பாடலொன்றைப் பதிவு செய்தார். ஒரு மனமகிழ்ச்சிக்காகச் செய்த அப்பதிவு உலகெங்கும் பரவ, 'லியோனிட் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்னும் குழு நிலைபெற்றது. 2019இல் அமெரிக்காவுக்கே சென்று அவ்விசையை அமெரிக்கருக்கு இசைத்துக் காட்டிற்று. கொல்லன் தெருவில் ஊசி விற்றதோடன்றி, கொல்லரே விலைகொடுத்து வாங்கினர் என்பது இங்கு வியப்பு. வொரபியோவ் இப்பாடல்களின் ஊதுகருவிப் பகுதிகளைச் செவியாற் கேட்டே ஒவ்வொரு சுரமாக எழுதியெடுத்தார். மூன்று கருவிகள் நெருங்கி ஒலிக்கையில் நடுக்குரல் எது என்று பிரித்தறிவது எளிய செயலன்று. மேற்குரலைச் செவி பற்றிக்கொள்ளும், நடுக்குரலோ மறைந்து நிற்கும்.

இவ்விடத்து விபுலாநந்த அடிகளின் நினைவு வருதல் இயல்பே. 1920களின் பிற்பகுதியில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கிய அடிகள், பின்னாளிற் சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் துணைக்கொண்டு, வழக்கொழிந்த யாழின் நரம்பளவையும் பண்முறையையும் கணக்கிட்டு 'யாழ்நூல்' செய்தார். அது 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அடிகளிடம் எழுத்து இருந்தது, ஒலி இல்லை. வொரபியோவிடம் ஒலி இருந்தது, எழுத்து இல்லை. முன்னையது ஆயிரமடங்கு அரிய முயற்சி என்பதில் ஐயமில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று. எனினும் மறைந்ததை மீட்பதற்குக் காதலோடு கணக்கும் வேண்டும் என்ற அளவில் இரண்டும் ஓரினம்.

கற்பிதத்தில் லியோனிட் குழுவினர் குறைகாண முடியாதவர். குறை மறுபக்கத்தில் உண்டு. தனிவாசிப்புக்களிலும் இசைத்தட்டைப் பெரும்பாலும் நெருங்கியே செல்கின்றனர். பதிவில் இது பொறுக்கத்தக்கது. மேடையிலோ, இத்துணைத் திறமையுடையோர் தம் சொந்த வழியில் ஓரடி வைக்கக் கூடாதா என்று செவி ஏங்குகிறது.

இனிப் பள்ளித் தோழர் குழுவின் செய்தி. லியோனிட் குழுவினர் தொழில்முறை வல்லுநர், தேர்ந்து சேர்க்கப்பட்டவர். கூடிப் படித்தவர் என்ற தகுதியால் நாற்பதாண்டின்பின் சேர்ந்தவர்களுக்கு அத்திறமை பெரும்பாலும் இராது. கிட்டாரை முப்பதாண்டு மூலையில் வைத்தவர் மூன்று மாதத்தில் ஓரளவு மீண்டுவிடலாம். ட்ரம்பெட்டின் கதை வேறு. அதன் நாதம் பித்தளையிற் பிறப்பதன்று, உதட்டிற் பிறப்பது. சில வாரம் ஊதாவிட்டாலே உதட்டுத் தசை தளரும். உயர்ந்த சுரங்கள் முதலிற் கைவிடும். பல் போனாற் சொல் போகும் என்பது பழமொழி. ட்ரம்பெட்காரருக்கோ சொல்லோடு சுருதியும் போகும். எனவே இக்குழுக்களிற் பல, பாடலை ஒரு சுரமோ இரண்டு சுரமோ தாழ்த்தி இசைக்கின்றன. இதனைக் குறைகூறுவாருண்டு. நம்மவர் குறைகூறார். முதுமையில் வித்துவான் சுருதியைத் தாழ்த்திக்கொள்வது நம் சபைகளில் இழுக்கன்று. பித்தளையின் பளபளப்புச் சிறிது மங்கும், அவ்வளவே.

மன்னிக்கத் தகாதது வேறொன்று. மூன்று ஊதுகருவியாளரைத் தேடிப் பிடிப்பது அருமையாதலின், மின்விசைப்பலகையில் ஊதுகருவி ஒலியை எழுப்பி ஒப்பேற்றும் குழுக்களும் உண்டு. கோயிலிற் பூசை வேளையில் மின்சாரத்தால் தானே அடித்துக்கொள்ளும் முரசும் மணியும் போன்றது அது. ஒலி கேட்கும், அடிப்பவர் இல்லை. ஊதுகருவி இசையின் அழகு மூவர் ஒரே கணத்தில் மூச்செடுத்து ஒரே கணத்தில் விடுவதில் உள்ளது. பலகையில் ஒருவர் ஒரு விரலால் அழுத்துமிடத்து அந்த ஒற்றுமைக்குப் பொருளே இல்லை. ஒன்றுபட அங்கே இருவர் இல்லை.

பள்ளித் தோழருக்குள்ள பெருஞ்செல்வமும் இம்மூச்சே. நாகசுர மரபில் இரட்டை நாயனம் பெரும்பாலும் உடன்பிறந்தோர் வாசிப்பாக அமைந்தது தற்செயலன்று. திருவீழிமிழலை சகோதரர் சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும் இருவர் என்று தோன்றாமல் வாசித்தமைக்குச் சிறுவயது முதல் ஒரே திண்ணையிற் பெற்ற சாதகம் காரணம். பள்ளி வாத்தியக் குழுவில் ஒரே ஆசிரியரின் கையசைவுக்குப் பதினைந்து வயதில் மூச்செடுத்துப் பழகியவர்க்கு அதில் ஒரு பங்கேனும் உண்டு. விரல் மறந்ததை மூச்சு மறப்பதில்லை. இத்தகைய குழுக்களின் வாசிப்பில் தனிவாசிப்புகள் தடுமாறும். உச்ச சுரங்கள் உடையும். ஆயினும் மூவரும் சேர்ந்து நுழையுமிடம் சிலவேளைகளில் வல்லுநர் குழுக்களிலும் செம்மையாக அமைந்துவிடும்.

இவ்வினாவைத் திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்திலிருந்து நோக்கினாற் சற்று வேறாகத் தோன்றும். பித்தளை ஊதுகருவி இங்குப் புதிதன்று. கொம்பும் எக்காளமும் கோயிலுக்குரியன. மேலைக் கருவிகளோ, 1957 வரை இத்துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்த பிரித்தானியக் கடற்படையோடு வந்தன. விளையாட்டுப் போட்டி நாளில் அணிநடைக்கு முன்செல்லும் மேலைத்தேய வாத்தியக் குழு இலங்கைப் பாடசாலைகளில் இன்றும் உண்டு. ஆனால் 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை எழுந்தபோது, அவ்வூதுகருவிகள் அதற்குத் தலைமை தாங்கவில்லை. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் திருகோணமலைச் சகோதரரான எம். பி. பரமேஷ், எம். பி. கோணேஷ் ஆகியோரும் வளர்த்த அவ்விசையிற் சொல்லே முதல். கிட்டாரும் தாளமும் சொல்லைச் சுமந்தன. பள்ளி மைதானத்து ட்ரம்பெட் அணிநடையோடு நின்றுவிட்டது.

இலங்கையிற் பள்ளித் தோழரும் ஊதுகருவியும் உண்மையாகவே சேருமிடம் ஒன்று உண்டு, அது பப்பரே. கொழும்பில் 1879 முதல் றோயல் கல்லூரியும் சென். தோமஸ் கல்லூரியும் ஆடும் துடுப்பாட்டப் போட்டியிலும், யாழ்ப்பாணத்தில் 1904 முதல் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் ஆடும் வடக்கின் பெருஞ்சமரிலும், நரைத்த பழைய மாணவர் ட்ரம்பெட் முழக்கத்துக்கு ஆடுவதைக் காணலாம். பைலாவின் மெட்டுக்களை ஒன்றோடொன்று கோத்து ஊதும் அதனைக் கேலி பேசுதல் எளிது. அதில் ஆக்கியோன் பெயரில்லை, எழுதிய சுரமில்லை. ஆயினும் மூச்சினாற் கூடுதல் என்ற இலக்கணம் அதற்கு முழுதும் பொருந்தும். கற்பிதம் எழுதுவார் ஒருவர் அக்கூட்டத்திற் தோன்றாதது குறையேயன்றி, கூட்டத்தின் குறையன்று.

1983இன் பின் இவ்வூரிலிருந்து பிரிந்தவர் திசைக்கொருவராய் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். பழைய மாணவர் சங்க விழாக்களில் அவர்கள் கூடும்போது ஈழத்துப் பொப்பிசைப் பாடல்கள் எழுவதுண்டு. மண்டபம் முழுவதும் சேர்ந்து பாடும். சொற்கள் ஒருவருக்கும் மறக்கவில்லை. வாத்தியப் பகுதியோ ஆளுக்கொருவிதம். பாடல்களுக்கிடையே வரும் கிட்டார் இழையைச் செவியாற் கேட்டு எழுதிவைக்க இன்னும் ஒரு வொரபியோவ் வரவில்லை. பழைய ஒலிப்பதிவுகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன.

தேய்வும் மறதியும் முதலாசிரியரிடத்தும் நிகழக்கூடியன. சிக்காகோ குழுவினர் 1980களில் டேவிட் ஃபொஸ்டர் என்னும் தயாரிப்பாளரின் துணையோடு மெல்லிய காதற்பாடல்களால் மீண்டும் பெரும்புகழ் பெற்றனர். அப்புகழுக்கு விலையாக ஊதுகருவிகள் பின்தள்ளப்பட்டன. முரசறைந்த செரஃபீன் 1990இற் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். பின்னாளில் 'கலிபோர்னியா ட்ரான்சிட் ஒதோரிட்டி' என்ற பெயரில் வேறொரு குழு அமைத்துப் பழைய சிக்காகோப் பாடல்களையே இசைத்தார். முதலாசிரியருள் ஒருவர் தாமே வழியிசைக்காரராகிவிட்டால் அக்குழுவை எவ்வகையில் வைப்பது என்று தொல்காப்பியரைக் கேட்கவியலாது. வழியிசைக் குழுக்களோ பெரும்பாலும் 1969 முதல் 1977 வரையுள்ள பாடல்களையே தேர்கின்றன. இன்னது சிறந்தது, இன்னது தளர்ந்தது என்று கட்டுரை எழுதாமலே கூறிவிடும் திறனாய்வு இது. ஒரு குழுவின் பாடற்பட்டியலைப் பார்த்தே அதன் செவியை அளக்கலாம்.

1982இல் வெளியான 'ஹார்ட் டு சே ஐ'ம் சொரி' இவ்வகையிற் தனித்து நோக்கத்தக்கது. பாடல் முழுதும் பியானோவும் குரலுமாய் மெல்லச் சென்று முடிகின்ற தறுவாயில், இசைத்தட்டில் 'கெட் அவே' என்றொரு விரைவான பகுதி வெடித்தெழுகிறது. ஊதுகருவிகள் பழைய வேகத்தோடு நுழைகின்றன. வானொலிக்கென வெளியிட்ட தனிப்பாடலில் அப்பகுதி நீக்கப்பட்டமையால், பாடலை அறிந்தோருட் பலர் அப்படியொரு முடிவு உண்டென்றே அறியார். வழியிசைக் குழுக்கள் அதனை விடுவதில்லை. மூன்று நிமிடத்துக்கு மேலாக ஊதுகருவியாளர் மூவரும் கருவியைத் தாழ்த்திப் பிடித்து ஒன்றும் செய்யாது நிற்பர். அவையோர் பாட்டு முடிந்ததென்று கைதட்டத் தொடங்கும் வேளையில் மூவரும் ஒருமித்து மூச்செடுப்பர்.